என்சைம்காரன்

நம் சேலத்தில் ஒரு புது இனம் தலையெடுத்திருக்கிறது, வாசகரே. என்சைம்காரன் என்று பெயர் வைத்திருக்கிறேன். பிளாஸ்க்கும் கையுமாகத் திரிவான். காப்பி இருக்கும் என்று நம்பி மூடியைத் திறந்துவிடாதீர்கள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு அம்மாளின் மார்பிலிருந்து அறுத்தெடுத்த சதை, ஒரு சீசாவில் புற்று பிடித்ததும் இன்னொன்றில் நல்லதுமாக இருக்கும். இரண்டையும் தனித்தனியே அரைத்து, வடிகட்டி, எதில் எந்த என்சைம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கே அவன் பிறந்திருக்கிறான்.

வேறு யாருமில்லை, நான்தான். கஸ்பார், கல்லூரியில் ரசாயன ஆசிரியர்.

இந்த இனத்துக்கு வாய் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சாமியாரை மறித்துக்கொண்டு 'பிரெஸ்ட் டிஷ்யூ, பிரெஸ்ட் டிஷ்யூ' என்று முழங்குவான். திருச்செங்கோடு பஸ்ஸில் பக்கத்தில் சிக்கிய மாட்டு வியாபாரிக்கு, நல்ல சதையில் சோம்பிக் கிடக்கிற என்சைம் புற்றில் எப்படித் துள்ளுகிறது என்று விளக்கிக்கொண்டே வருவான். அந்த மனிதர் தன் ஊருக்கு முன்பே, மல்லசமுத்திரத்திலேயே இறங்கி ஓடுவார். கூச்சமா? இங்கிலீஷில் சொன்னால் ஏது கூச்சம்?

தமிழில் சொன்னால்தான் வம்பு. போன மாதம் சோறு போட்டபடியே என் மனைவி இன்னாசிமேரி மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, எனக்கு மாருல ஒரு கட்டியாட்டம்..."

"உஸ்! புள்ளைங்க சாப்பிடுதுங்க. அப்பறம் பேசலாம்."

அப்புறம் என்ன பேசினேன்? என்சைம்தான் பேசினேன். அவள் வாயெடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு புதுத் தகவல் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. பிறகு மெட்ராஸில் அறிஞர்கள் கூட்டத்தில் கட்டுரை வாசித்து, பலத்த கைதட்டலோடு திரும்பி வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது.

பக்கத்து வீட்டு அத்தாயிதான் சொன்னாள். "அக்காளுக்குக் கட்டிய அறுத்தாச்சுங்க. நாந்தான் ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போனேன். உங்ககிட்டச் சொல்லலாமுன்னா, நீங்க எங்கீங்க பேச்ச நிறுத்துனீங்க?"

ஓடினேன். என் மேரி செத்துப்போவாளோ? சீசாவில் நான் பார்த்த அத்தனை சதையும் கண்ணில் வந்து நின்றது; அதற்கெல்லாம் ஒரு முகம் உண்டு என்று அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் என் தோளைத் தட்டினார். "பயப்படாதீங்க. சோதிச்சுப் பாத்தாச்சு. புத்து இல்லை, சாதாரணக் கட்டி."

மாதாவே! அழுதேவிட்டேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாழும் வாய் சும்மா இருக்குமா?

"டாக்டர், அதில் கொஞ்சம் எனக்குக் கிடைக்குமா? புற்றில்லாத கட்டி இதுவரை நமக்கு அமையவே இல்லை."

கட்டிலிலிருந்து மேரி திரும்பிப் பார்த்தாள்.

"குடுத்துடுங்க டாக்டர். அதுகிட்டயாச்சும் கேட்டுக்கட்டும், நான் எத்தன நாளாப் பயந்துட்டுக் கெடந்தேன்னு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களிடம் என்சைம் இல்லாதிருக்கலாம். அரசியல் இருக்கும், பருத்தி விலை இருக்கும். இதைக்கூட இப்போது வீட்டில் உரக்கத்தானே படித்துக்காட்டுகிறீர்கள்? கொஞ்சம் நிறுத்துங்கள். எதிரே நிற்கிறவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.