ஹாட்டோ மயோர் மாகாண மக்கள் ஒன்றியம், டென்மார்க்

ஒரு மனிதன் எங்கே பிறந்தான் என்பது அவனுக்குத் தெரியாது, அரசாங்கத்துக்குத்தான் தெரியும். ஞானரட்ணத்தாருக்கு இந்த உண்மை ஐம்பத்தெட்டாவது வயதில் விளங்கியது. மனுசன் பிறந்தது யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறையில். டென்மார்க்கில் கொம்யூன் எனப்படும் நகரசபைக் கந்தோருக்குப் புதுக் கொம்பியூட்டர் வந்தபோது யாரோ எதையோ மாறி அமத்தியதில், டொமினிக்கன் குடியரசின் ஹாட்டோ மயோர் மாகாணத்தில் பிறந்தவராகிவிட்டார்.

ஆறு மாதத்தில் மகள் பிரியந்திக்கு ரொறன்ரோவில் கலியாணம். பிறந்த இடம் சரிவராமல் பாஸ்போட் கிடையாது.

"நான் அங்க பிறக்கேல்லை" என்று கந்தோரில் போய்ச் சொன்னார்.

அதிகாரி மரினா அன்பான பெண். கோப்பியும் கொடுத்தாள். "பிறந்தபோது நீங்கள் குழந்தை. குழந்தையின் சாட்சியம் செல்லாது."

"ஐயோ, அது கரீபியன் கடல்!"

"இரண்டும் தீவுதானே. அங்கே மூன்று நகராட்சிகள். எதில் பிறக்கவில்லை?"

"ஒண்டிலயும் இல்லை!"

"நான்கு உபநகராட்சிகளும் உண்டு. அவற்றுக்கு வேறு படிவம். அல்லது உங்கள் மாகாணத்துச் சங்கம், நீங்கள் அவ்வூரவர் அல்லர் என்று கடிதம் தரட்டும்."

அப்படியொரு சங்கம் டென்மார்க்கில் இல்லை. இல்லாவிட்டால் என்ன, நாங்கள் செத்தா போனோம்? அடுத்த ஞாயிறு பூசை முடிய, தலைநகருக்குப் பக்கத்து இஷொயில் மண்டபம் எடுத்து, குத்துவிளக்கு ஏற்றி, ஒன்றியம் உதயமானது. வந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தரும் அந்தத் தீவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் பதவிக்கு நாற்பத்தைந்து பேர் கேட்டார்கள்.

ஹேர்னிங்கிலிருந்து மூன்று மணித்தியாலம் கார் ஓடி வந்த அந்தோனிதாசன் எழும்பினார். "தலைநகர் ஆக்களே எல்லாத்தையும் எடுத்தா, எங்கட மாகாணத்தின்ர வடக்குக் கரையில சபானா டி லா மார் சனம் என்ன செய்யிறது? நாங்கள் பிரியிறம்!"

கிழிஞ்சுது போ!

"என்ர கடிதம்?" என்றார் ஞானரட்ணத்தார்.

"பொறுங்கோ அண்ணை, இனமே பிளவுபடுது!"

கடைசியில் ஒரு வழி பிறந்தது. அரசாங்கப் பதிவுப்படி அந்த மண்ணில் பிறந்தவர் இவர் ஒருத்தர்தானே? ஏகமனதாக இவரே தலைவர். முப்பது வருசமாக முதியோர் இல்லத்தில் கிழடுகளைக் குளிப்பாட்டிய மனுசனுக்கு முதன்முதலாகப் பொன்னாடை விழுந்தது. நெஞ்சு குளிர்ந்துபோனது, பொய் சொல்லக்கூடாது.

மறுநாள் மனைவி பற்றிமா கடிதத்தை அடித்து, பேனையோடு நீட்டினாள். 'ஞானரட்ணம் என்பவர் எமது ஊரவர் அல்லர். இப்படிக்கு, தலைவர்.'

அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"இதில கையெழுத்து வைச்சா என்ர பதவி?"

"வைக்காட்டி உங்கட மகளின்ர கலியாணம்?"

"நீ கலியாணத்துக்குப் போட்டு வா. நான் வீடியோவில பாக்கிறன். எல்லைப் பிரச்சினை கிடக்கேக்கை ஊர்ச்சனத்தை விட்டிட்டு எப்பிடி வாறது?"

பிரியந்தி ரொறன்ரோக் கோவிலுக்குள் தனியே நடந்துபோன நேரம், இஷொயில் ஒன்றியத்தின் அரையாண்டு விழா. வீடியோ பார்க்க மனுசனுக்கு நேரம் வரவில்லை. பிரதம விருந்தினர் மரினா.

"இவ்வளவு ஊர்ப்பற்றுள்ளவர், அங்கே பிறக்கவில்லை என்று என்னிடமே சொன்னார்!" என்று அவள் செல்லமாகக் கண்டித்தாள்.

மண்டபம் கைதட்டியது. வெட்கப்பட்டுக்கொண்டு தலைவரும் தட்டினார்.