சோபாக்காரரின் நிற ஊசி

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெயர் வேண்டாம். நாலு வரி போவதற்குள் நீங்களே யாரையாவது நினைத்துக்கொண்டு சிரிப்பீர்கள். இவர் 'எல்லாம் நல்லதுக்குத்தான்' இனத்தைச் சேர்ந்தவர். இந்த இனத்தாருக்குத் தலை சுற்றினால் ரத்தம் நன்றாக ஓடுகிறது, பல் ஆடினால் ஈறு புதுசாகிறது, கூரை ஒழுகினால் வீடு மூச்சு விடுகிறது. வீடே இடிந்து விழுந்தாலும், "இப்பதான் காத்து நல்லா வருது" என்பார்கள். இவர்களைப் பயமுறுத்த யாராலும் முடியாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நம்முடைய ஆளுக்கு சோபா விற்கும் தொழில். பெரிய கடையின் மேல்மாடியில், ஏசிக் குளிரில், டியூப்லைட் வெளிச்சத்தில், காலையிலிருந்து இருட்டும்வரை நிற்பார். சோபா கிரீச்சிடுகிறதா? "நல்ல மரம்னா கொஞ்சம் பேசும் சார்." நடுவில் பள்ளம் விழுந்ததா? "உங்க உடம்பைப் புரிஞ்சுக்குது மேடம்." ஒரு கால் குட்டையாக இருக்கிறதா? "உங்க வீட்டுத் தரையை முதல்ல பாருங்க." சண்டை போட வந்தவர் கூடவே ஒரு முக்காலியும் வாங்கிக்கொண்டு போவார். அப்பேர்ப்பட்ட வாய்!

கடைக்கு ஒரு விளம்பரப் பலகை வைப்பதாக முடிவானபோது, வெளியாள் எதற்கு என்று இவரையே சோபாவில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். வெயில் படாமல் வெளுத்துப்போன முகம். சோபாவோ பால் வெள்ளை. மேனேஜர் படத்தை உற்றுப் பார்த்தார். "சோபா தெரியுது. சட்டை தெரியுது. நீங்க எங்கே?"

மனிதர் வெளியே சிரித்தார், உள்ளே வெந்தார். பேசாமல் மொட்டைமாடியில் கொஞ்சம் வெயில் காயலாமே என்கிறீர்களா? வெயில் சும்மா கிடைக்கிறது; சும்மா கிடைப்பதில் இந்த இனத்துக்கு நம்பிக்கை இல்லை. ஜிம்மே கதி என்று கிடக்கும் மச்சினன் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்தான். உள்ளே வெள்ளைப் பொடி. கரைத்து ஊசி போட்டுக்கொண்டால் தோல் தானாகவே செம்பு நிறத்துக்கு வந்துவிடுமாம். குப்பியின் மேல் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

"அப்ப ஆராய்ச்சி பண்ணிடுவோம் மாமா" என்றான் மச்சினன்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆராய்ச்சி நடந்தது. எலியும் அவரே, விஞ்ஞானியும் அவரே.

முதல் ஊசியிலேயே குடலைப் பிடுங்கிக்கொண்டு குமட்டியது. "கழிவெல்லாம் வெளியேறுது" என்றார். முகம் மிளகாயைக் கடித்தவர் போலச் சிவந்தது. "மருந்து முகத்துக்கு ஏறிடுச்சு" என்றார். சாப்பாட்டைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. "வயித்துக்கும் லீவு வேணும்ல?" இன்னொரு பக்கவிளைவும் இருந்தது. அதை நான் எழுத மாட்டேன். அன்றைக்கு அவர் ஒரு வாடிக்கையாளர் போகும்வரை சோபாவுக்குப் பின்னால் நின்றே வியாபாரம் பேசினார் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

நிறம் மட்டும் ஏறியது, பொய் சொல்லக் கூடாது. ஆசையாக மேனேஜர் முன்னால் போய் நின்றார். ஆனால் அதற்குள் கடைக்குப் புதுச் சரக்கு வந்திருந்தது, எல்லாம் பழுப்புத் தோல் சோபா. படம் எடுத்தார்கள். மறுபடியும் ஆளைக் காணோம்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை. அவர் நிறுத்தவில்லை, "அடுத்த சரக்கு நீலமாம்" என்றார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் சுழி போடுகிறவர். ஒருநாள் துவைத்த சட்டையை நீட்டியவர், கணவரின் முதுகைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்க, இந்த மச்சம் மிளகு அளவுதானே இருந்துச்சு? இப்ப பெருசாயிருக்கு. ஓரமெல்லாம் கலைஞ்சு கிடக்கு. நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

"அட, நிறம் ஏறுறப்ப முதல்ல மச்சத்துலதான் ஏறும். ஊசி வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"யாரு சொன்னா?"

"உன் தம்பிதான்."

"அவன் கணக்குல பெயிலாச்சே."

மனைவிக்கு அழத்தான் தோன்றியது. ஆனால் அழுதால், "அழுதா மனசு லேசாகும்" என்று அதற்கும் ஒரு நல்லதைக் கண்டுபிடிக்கிற மனிதரிடம் அழுது என்ன பயன்? டீச்சர் மெதுவாகக் கூடத்து சோபாவில் உட்கார்ந்தார்.

"இது நம்ம வீட்டுக்கு முதல்ல வந்த சோபா இல்லைல்ல?"

"இல்ல. அதைத்தான் திருப்பி அனுப்பிட்டேனே."

"ஏன் அனுப்பினீங்க?"

"பின்புறம் ஒரு புள்ளி இருந்துச்சு. பரவ ஆரம்பிச்சா உள்ள அழுகுதுன்னு அர்த்தம். எங்க ஆளுங்க 'பழகினா சரியாயிடும்'னு சொல்லுவாங்க. அதெல்லாம் வாங்குறவங்ககிட்ட சொல்ற பேச்சு. அதை நம்பி..."

அவர் கை தானாக முதுகுப் பக்கம் போனது. இத்தனை வருஷத்தில் அந்த வாய் பாதியில் நின்றது அன்றைக்குத்தான்.

டாக்டரிடம் போனார்கள். என்ன போட்டுக்கொண்டீர்கள் என்ற கேள்விக்கு நம் ஆள், பழக்கதோஷம், "ஒரு விட்டமின்" என்றார். மனைவி கைப்பையிலிருந்து குப்பியை எடுத்து மேஜையில் வைத்தார். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வித்தவனுக்காவது தெரியுமான்னு சந்தேகம்." மச்சத்தை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நம் ஆள் ஒரு சோபாகூட விற்கவில்லை. கிரீச்சிடுகிறது என்று வந்தவரிடம், "ஆமா சார், கிரீச்சிடுது" என்றாராம்.

முடிவு வந்தது. புற்று இல்லை; ஆனால் இனிமேல் ஊசி கூடாது, மற்ற மச்சங்களையும் விடாமல் கவனிக்க வேண்டும். மனைவி அன்றைக்குத்தான் அழுதார். நம் ஆள், "பாத்தியா, எல்லாம் நல்லதுக்கு..." என்று ஆரம்பித்து, அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நல்லபிள்ளையாக வாயை மூடிக்கொண்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எந்த ஊசியும் போட்டுக்கொள்ளாதவர் நீங்கள். ஆனால் ரொம்ப நாளாக ஒரு பக்கமாகவே மெல்லுகிறீர்களே, அது எந்தப் பல்லுக்காக? படியேறும்போது நடுவில் நின்று, போன் வந்த மாதிரி பார்க்கிறீர்களே, யார் கூப்பிட்டார்கள்? ஒன்றுமில்லை, பழகிவிடும் என்கிறீர்களா? சரிதான். சட்டையைக் கழற்றித் திரும்பி நில்லுங்கள். உங்கள் முதுகு உங்களுக்குத் தெரியாது. வீட்டில் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள்.