இடது கை மட்டும் பாக்கி

ஷெட்லாந்துத் தீவுகளில் வாழும் சகல ஜீவராசிகளுக்கும், ஆடுகள் உள்பட, இதனால் அறிவிக்கப்பட்டது என்னவென்றால்: காலஞ்சென்ற திருமதி ஓஸ்லா ஹால்க்ரோ தம் கணவருக்காகப் பின்னத் தொடங்கி, விதிவசத்தால் முடிக்காமல் விட்டுச்சென்ற கடைசி ஸ்வெட்டர், இந்த ஆண்டுக் கம்பளித் திருவிழாவின் தொடக்க நாளன்று ஊர் மண்டபத்தில் அக்கணவராலேயே அணியப்பட்டுப் பொதுமக்களுக்குக் காட்சி தரும்.

மண்டபக் கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்தவர் அந்தக் கணவரேதான். பெயர் கிப்பி ஹால்க்ரோ. துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். மண்டபக் கமிட்டிக்குத் தலைவர். படகுப் பந்தயக் கமிட்டிக்குத் தலைவர். கல்லறைச் சுற்றுச்சுவர்க் கமிட்டிக்கும் தலைவர். அந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து நின்றால் அது ஒரு கமிட்டி. அதற்குக் கிப்பி தலைவர். பனி பெய்தாலும் கோட்டும் டையும்தான். கையால் பின்னிய உடுப்பு மீனவர்களுக்கானது என்பது அவருடைய கருத்து. தலைவருக்கு அது அழகல்ல.

கைதட்டல் ஓய்ந்து வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஒரு சின்னச் சிக்கல் உறைத்தது. ஸ்வெட்டரின் இடது கை முழங்கையோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே ஊசிகள்தான் தொங்கின.

ஏப்ரலில் ஓஸ்லா போனாள். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. அடக்கமெல்லாம் முடிந்து, வந்த கூட்டம் கலைந்ததும், கிப்பி முன்னறையில் அவளுடைய கூடையைத் திறந்து பார்த்தார். ஆட்டின் இயற்கைப் பழுப்பு நிறத்தில் ஆண்பிள்ளை ஸ்வெட்டர் ஒன்று. பக்கத்தில் ஒரு நூல்கண்டு. அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. பிள்ளையும் இல்லை. அப்புறம் யாருக்காக இருக்கும்?

கூடைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசிக் குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் நடந்த பேச்சு வார்த்தை இவ்வளவுதான்: "சூப் அடுப்புல இருக்கு." "எனக்கு மீட்டிங் இருக்கு." மீட்டிங் முடிந்து வந்தால் முழங்கால் வலிக்கிறது என்று பின்னறைக் கட்டிலில் படுத்துக்கொள்வார். அவள் மாடியில். தன்னைப் பற்றி அவள் நினைப்பதையே விட்டுவிட்டாளோ என்ற சந்தேகம் அவருக்கு அவள் இருந்தபோது ஒருநாளும் வந்ததில்லை. போன பிறகு வந்தது. வந்தது போக மறுத்தது. அதற்கு எதிராக அவரிடம் இருந்த ஒரே சாட்சி இந்த ஸ்வெட்டர். கிறிஸ்மஸுக்காகத்தான் பின்னியிருக்கிறாள். திருவிழாவில் ஊருக்குக் காட்டிவிட்டு, கிறிஸ்மஸ் அன்று இதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்காரப் போகிறார். தனியாகத்தான். ஆனால் முழுக்கத் தனியாக இல்லை.

ஸ்வெட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மைமாவிடம் போனார். ஊரிலேயே நல்ல கைவேலைக்காரி; ஓஸ்லாவின் தோழி.

"ஒரு கைதான் மைமா. அதுவும் பாதிக் கை."

"தலைவரே, திருவிழாவுக்கு முன்னாடி இந்த ஊர்ல எவகிட்டயாவது போய் 'ஒரு கைதான்'னு சொல்லிப் பாருங்க, ஊசியாலேயே குத்துவா. எனக்கே மேடைக்கு ஒரு சால்வை பாதியில நிக்குது. கிறிஸ்மஸுக்குப் பேரப்பிள்ளைங்க ஸ்வெட்டர் ஒண்ணுக்குக் கழுத்து இல்ல, ஒண்ணுக்கு முதுகே இல்ல. கொடுங்க, பாக்கறேன்."

வாங்கி மடியில் விரித்தாள். கண்டிலிருந்து நூலை ஒரு முழம் இழுத்தாள். அது நேராக நிற்காமல் சுருள் சுருளாக மேலே ஏறிக்கொண்டது. மைமாவின் வாய் நின்றுவிட்டது. அந்த வாய் நின்றதைக் கிப்பி அதுவரை பார்த்ததில்லை.

"இதை இப்படியே மடிச்சு வெச்சிடுங்களேன்" என்றாள் கடைசியில், கெட்டிலைப் பார்த்தபடி.

"ஏன்?"

"ஏன்னா... ஒருத்தி வேலையில இன்னொருத்தி கைவெச்சா நல்லா இருக்காது. நூலை ஆளுக்கு ஒரு மாதிரி இழுப்போம். விட்டுடுங்க கிப்பி."

என்ன பக்தி! கிப்பிக்கு நெஞ்சு விம்மியது. மறுநாள் இன்னொரு பின்னல்காரி ரூபியிடம் போனார். அவளும் நூலை இழுத்துப் பார்த்தாள், அவளும் ஊமையானாள். வாராவாரம் மண்டபத்தில் கூடிப் பின்னும் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாகத் தொட்டுப் பார்த்தார்கள். தேவாலயத்தில் குனிவதுபோல் வரிசையாகத் தலை குனிந்தார்கள். ஓஸ்லாவின் மதிப்பு இவ்வளவு என்று தெரியாமல் இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டோமே என்று கிப்பி வெட்கப்பட்டார்.

"அப்ப நானே பின்னறேன்" என்று அறிவித்தார்.

மைமாவுக்குத் தேநீர் புரைக்கேறியது.

ஓஸ்லாவின் தோல் பெல்ட்டை எடுத்து இடுப்பில் கட்டினார். ஊசியின் ஒரு முனையைச் செருகிக்கொள்ள அதில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அவளுடைய இடுப்புக்கும் தலைவருடைய வயிற்றுக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கயிறு போட்டுச் சரிக்கட்டினார். மைமா பாவம் பார்த்துக் கண்ணி போடச் சொல்லிக்கொடுத்தாள். தொடங்குவதற்கு முன், ஓஸ்லா நிறுத்திய வரிசையில் ஒரு வெள்ளை நூலைக் கோத்து முடிச்சுப் போட்டார். இதுவரை அவள் கை. இதற்கு அப்பால் என் கை. அந்த முடிச்சை அவ்வப்போது விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வார், பக்கத்தில் ஆள் இல்லாதபோது.

கமிட்டியை நடத்துவதுபோலவே பின்னினார்: எவரையும் அசையவிடாமல். விளைவு, கை போகப் போகக் குறுகிப் புட்டிக் கழுத்தாகிவிட்டது. போட்டுப் பார்த்தபோது நாலு விரல் வெளியே வந்தது. கட்டைவிரல் உள்ளேயே தங்கிவிட்டது.

"இவ்வளவு இறுக்கமாவா போடுவாங்க? கொஞ்சம் தளர விடுங்க. கண்ணிக்கும் மூச்சு வேணும்ல" என்றாள் மைமா.

வெள்ளை முடிச்சுவரை பிரித்தார். தளர விட்டார். தலைவர் ஒன்றைச் செய்தால் முழுமையாகத்தான் செய்வார். கை இப்போது மீன்வலை மாதிரி விரிந்தது. மணிக்கட்டைத் தாண்டியும் நூல் மீதி இருந்தது.

"போதும், நிறுத்துங்க" என்றாள் மைமா.

"கண்டுல இன்னும் நூல் இருக்கே! ஓஸ்லா அளந்துதான் சுத்தியிருப்பா. அவ வீணாக்கற ஆளா?"

மைமா எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அடுப்பில் எதுவோ கருகுவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கண்டு தீர்ந்தபோது இடது கை விரல்நுனியைத் தாண்டி ஒரு சாண் தொங்கியது. ஓஸ்லா பின்னிய வலது கை மணிக்கட்டில் கச்சிதமாக நின்றது. அந்த நீளத்தில் பாதியை வெட்டிவிடலாம் என்று வேறு எவருக்கும் தோன்றியிருக்கும். கிப்பி சமத்துவவாதி. வலது கையை நனைத்து, துணி உலர்த்தும் கொடியில் போட்டு, நுனியில் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டார். அன்றைக்குப் பார்த்துக் காற்று அடித்தது. அங்கே காற்று அடிக்காத நாள் ஏது! குண்டுகள் ஊஞ்சலாடின. சாயங்காலம் போய்ப் பார்த்தால் வலது கை இடது கையை முந்திவிட்டிருந்தது.

இடது கைக்கும் குண்டு கட்டினார்.

இப்படியாக இரண்டு கைகளும் முழங்காலைத் தொட்டு ஒருவழியாகச் சமமாயின. உடம்புப் பகுதியோ நேர்மாறு. தலைவழியே நுழைத்து இழுத்தால் தொப்புளுக்கு மேலேயே நின்று, ஒரு அடி நகர மாட்டேன் என்றது.

மைமா அவரைச் சுற்றிவந்து பார்த்தாள். "தலைவரே, அளவு உங்களுக்குக் கொஞ்சம்... சின்னதா இல்ல?"

"ஆமா." கிப்பி ஸ்வெட்டரின் மார்பைத் தடவினார். "புரியலையா உனக்கு? அளவெடுக்காம, மனசுல இருந்ததை வெச்சுப் பின்னியிருக்கா. அவ மனசுல நான் இன்னும் கல்யாணத்தப்ப இருந்த மாதிரிதான் இருந்திருக்கேன் மைமா."

மைமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் லேசாகக் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

அன்றிலிருந்து கிப்பி ரொட்டியையும் வெண்ணெயையும் நிறுத்தினார். உப்புநீரில் ஊறவைத்துப் புகையில் உலர்த்திய ஆட்டுக்கறி சூப் வாசனை தெருவில் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். மெலிந்தார். மனைவி போன துக்கம் இப்போதுதான் ஆளைத் தின்கிறது என்று ஊர் பேசிக்கொண்டது. ஊர் சொன்னதில் தப்பில்லை.

திருவிழா வந்தது. நோர்வேயிலிருந்தும் கனடாவிலிருந்தும் எங்கெங்கிருந்தோ வந்த பின்னல்காரர்கள், பாதி முடித்த தொப்பிகளை நடந்துகொண்டே முடித்தபடி மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். வாசலில் கிப்பி நின்றார், ஸ்வெட்டரும் டையுமாக. கைகளை ஏழெட்டு மடிப்பு சுருட்டிவிட்டிருந்ததால் இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது.

கனடாக்காரி ஒருத்தி இடது கை நூலைத் தடவிப் பார்த்து, "ஏன் சார், இங்க மட்டும் நூல் அலை அலையா இருக்கு?" என்றாள்.

கிப்பி தொண்டையைச் செருமினார். "அது எங்க தீவு ஆட்டுக்கே உரிய குணம்மா. காத்துக்கு முதுகைக் காட்டிட்டே நிக்கும் பாருங்க, அதனால ரோமத்துலயே அலை விழுந்துடும். வெளியூர் ஆட்டுக்கு வராது."

கனடாக்காரி அதைத் தன் தோழியிடம் சொன்னாள். தேநீர் மேசையிலிருந்த மைமாவும் ரூபியும் மற்றவர்களும் தத்தம் கோப்பைக்குள் எதையோ தொலைத்ததுபோல் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

பெருநிலத்து அபர்தீனிலிருந்து வரும் கப்பல் காற்றினால் தாமதம். ஓஸ்லாவின் அக்கா வில்மா, கிப்பி மேடையேறிய பிறகுதான் பெட்டியோடு உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். காது மந்தம், அதனால் உலகத்துக்கே காது மந்தம் என்று நினைத்துப் பேசுகிறவள். அவளைக் கண்டதும் மைமாவின் முகம் வெளுத்தது. எழுந்து ஓடிவந்து வில்மாவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்து, கையையும் பிடித்துக்கொண்டாள்.

கிப்பி பேசினார். வழக்கமாக அவர் பேச்சில் வரும் 'இத்தருணத்தில்', 'பெருமிதம் கொள்கிறேன்' எல்லாம் தொடக்கத்தில் வந்தன. நடுவில் எங்கோ அவை கழன்றுவிட்டன.

"நான் பேசறதுக்கு வீட்டுக்கு வெளியேதான் இடம் தேடினேன். அவ ஒண்ணும் கேக்கல. ஆனா ஒரு மூலையில உக்காந்து எனக்காக இதைப் பின்னிட்டு இருந்திருக்கா. இதோ, இந்த வெள்ளை முடிச்சு வரைக்கும் அவ கை." சுருட்டிய கைகள் அவிழ்ந்து முழங்காலுக்கு இறங்கின. அவர் கவனிக்கவில்லை. "ஒரு மனுஷி கடைசி வரைக்கும் என்னை நினைச்சிருக்கா. அது போதும் எனக்கு."

மண்டபம் மூக்கை உறிஞ்சியது. நோர்வேக்காரர்கள்கூட. கிப்பி கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கை வந்து சேரக் கொஞ்சம் நேரமாயிற்று.

"ஓஸ்லாவோட அக்கா வந்திருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லணும்."

"அவங்க களைச்சிருக்காங்க!" என்று மைமா கத்தினாள்.

"யாரு களைச்சது? நல்லாத்தான் இருக்கேன், விடு" என்று கையை உதறிக்கொண்டு வில்மா மேடைக்கு வந்தாள். ஸ்வெட்டரைக் கழுத்திலிருந்து இடுப்புவரை தடவினாள். கண் நிறைந்துவிட்டது. கிப்பியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியில போட்டுட்டியே கிப்பி!"

"எதை?"

"இதைத்தான். கல்யாணமான முதல் கிறிஸ்மஸுக்குப் பின்னிக் கொடுத்தாளே. பெரிய விசேஷம் எதாவது வரட்டும், போட்டுக்கறேன்னு நீ பெட்டியில வெச்சியே."

மைக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது. கிப்பி அதை மூட நினைத்துக் கையை நீட்டினார்; துணிதான் நீண்டது.

"இல்ல வில்மா" என்றார் மெதுவாக. "இது முடியாதது. அவ பின்னிட்டு இருந்தா."

"பின்னிட்டா? யாரு சொன்னா? மார்ச்ல நான் வந்திருந்தப்ப உக்காந்து பிரிச்சிட்டு இருந்தா. பிரிக்கப் பிரிக்கச் சுருண்டு சுருண்டு வந்த நூலை நான்தானே எதிர்ல உக்காந்து கண்டா சுத்தினேன். முழங்கை வந்ததும் கண்ணி நழுவாம ஊசியில கோத்து வெச்சா."

மண்டபத்தில் ஊசிகள் நின்றன.

"எதுக்குப் பிரிச்சா?"

"வெந்நீர்ப் பைக்கு உறை பின்னணும்னு சொன்னா. படுக்கை ரொம்பக் குளிருதாம்."