எழுபத்தொன்பது வயதில் திடீர் மரணம்

மரணத்தை நம்பாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. சாகாவரம் கேட்டு ஒற்றைக்காலில் நிற்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரியப்பா போனால் இவர்கள் நம்புவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போனால், "வயசாச்சு, நல்ல சாவு" என்று முதல் ஆளாக வந்து நாற்காலி எடுத்துப் போடுவார்கள். சொந்த மாமனார் போனாலோ, டாக்டர் சொல்வதற்கு முன்பே நம்பிவிடுவார்கள். இவர்களால் நம்ப முடியாதது ஒன்றே ஒன்றுதான்: பிரபலமான ஒருவர் தானாகச் செத்துப்போனார் என்பது. திரையில் நூறு பேரை அடித்துப் போட்டவர், மேடையில் பாடி லட்சம் பேரை அழவைத்தவர், நம்மைப் போலவே நோயில் படுத்து, மருந்துக்குக் குணமாகாமல், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூச்சை விட்டுவிட்டார் என்றால் அதில் என்ன மரியாதை இருக்கிறது? யாராவது கொன்றிருக்க வேண்டும். போகட்டும், கொல்ல நினைத்தாவது இருக்க வேண்டும்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். "நான் ஒண்ணும் சொல்லலைங்க, கேள்விதான் கேக்குறேன்" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த நாற்பது நிமிடத்துக்கு, சொல்வதெல்லாம் அவர்கள்தான். பிறகு செல்போனை எடுத்து ஒரு படம் காட்டுவார்கள். அதில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

"ஒண்ணுமே இல்லை, பாத்தீங்களா? ஏன் இல்லை?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

இந்த இனத்தின் முத்து ஒருவர் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில், மூன்றாவது கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார். அலுவலகத்தில் அவருக்கு 'மர்மம்' என்று பெயர். அவருக்கு அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. பத்தொன்பது வருடங்களாக இறப்புச் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்துகிறார். காய்ச்சல், விபத்து, மூப்பு, காரணம் தெரியவில்லை என்று நாளொன்றுக்கு முப்பது நாற்பது பேர் அவர் கைக்குக் கீழே போகிறார்கள். ஒரு சிறிய ஊரையே அவர் இப்படி வழியனுப்பியிருக்கிறார். பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பார். ஆள் எப்படிப் போனார் என்று ஒருநாளும் புருவத்தைத் தூக்கியதில்லை. அதெல்லாம் ஆபீஸ் வேலை.

ஆனால் அந்த நடிகர் இறந்தபோது மட்டும், ஆறு வருடங்களுக்கு முன்னால், மூன்று நாள் லீவு போட்டார்.

நடிகருக்கு எழுபத்தொன்பது வயது. முப்பது வருடச் சர்க்கரை. இருதயத்தில் இரண்டு அறுவை சிகிச்சை. சிறுநீரகத்தில் ஒன்று வேலையை விட்டுவிட்டது, இன்னொன்று விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. "மனுஷன் கல்லு மாதிரி இருந்தாரே! முந்தின நாள்கூட ஜனங்களைப் பாத்துக் கையசைச்சாரே! திடீர்னு எப்படிப் போவார்?" என்று மர்மம் கேட்டார். கையசைத்தது உண்மைதான். ஆம்புலன்ஸிலிருந்து அசைத்தார்.

இப்படி ஊர் பூராவும் கேட்கவே, ஒரு விசாரணைக் கமிஷன் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், வாடகைக்கு ஒரு பங்களா, மூன்று கார்கள், ஏழு முறை கால நீட்டிப்பு. டாக்டர், நர்ஸ், சமையல்காரர், சமையல்காரரின் தம்பி, அந்த வீட்டில் ஏசி பழுது பார்த்துவிட்டு நாலு வருடத்துக்கு முன்பே வேறு ஊருக்குப் போய்விட்டவர் என்று நூற்று ஐம்பத்துநாலு சாட்சிகள். நடிகரின் செருப்பு கட்டிலைப் பார்த்துக் கிடந்ததா, கதவைப் பார்த்துக் கிடந்ததா என்பதற்கு மட்டும் பதினோரு மாதம். கடைசியில் நாலு தடித்த தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. அதன் சாரம் ஒரே வரி: அன்னார் மூப்பினாலும் நோயினாலும் காலமானார்.

ஊர் கொட்டாவி விட்டது. மர்மம் விடவில்லை.

"நாலு தொகுதி எழுதி மறைக்கிறாங்கன்னா, உள்ள எவ்வளவு பெரிய விஷயம் இருக்கணும்!"

வீட்டில் அவர் மனைவி வெங்காயம் உரித்தபடி கேட்டாள். "என்னங்க, அவ்வளவு பணத்தைக் கொட்டி எதைக் கண்டுபிடிச்சாங்க?"

"ஒண்ணும் கண்டுபிடிக்கலை."

"அப்போ தண்டம்தானே?"

"அதான் சொல்றேன், இன்னொரு கமிஷன் வைக்கணும். முதல் மாத்திரை கேக்கலைன்னா அடுத்த மாத்திரை போடுறதில்லையா?"

"வலியே இல்லாதவனுக்கு எதுக்குங்க மாத்திரை?"

இந்த மாதிரி அடிப்படை அறிவில்லாத கேள்விகளுக்கு அவர் பதில் சொல்வதில்லை. எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவார்.

இப்படியாக நாட்கள் போய்க்கொண்டிருக்கையில், ஒரு வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு, மூன்றாவது கவுண்டருக்கு ஒரு பெண் வந்து நின்றாள். லிப்ட் மெக்கானிக் ஒருவரின் மனைவி. கையில் ஆஸ்பத்திரிக் காகிதம், தோளில் ஒரு துணிப்பை.

"சார், எங்க வீட்டுக்காரருக்கு மாரடைப்புன்னு போட்டிருக்காங்க."

"அது டாக்டர் போட்டதும்மா. நாங்க முத்திரைதான் குத்துவோம்."

"அவர் நாலாவது மாடியிலேர்ந்து லிப்ட் குழியில விழுந்தார் சார்."

"சரி."

"மாரடைப்பு வந்த பிறகுதான் விழுந்தாராம், கம்பெனியில சொல்றாங்க. அதனால அவங்க பொறுப்பில்லையாம், நஷ்டஈடும் கிடையாதாம். செத்து விழுந்தாரா, விழுந்து செத்தாரா? அதை மட்டும் டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிக் குடுங்க சார். ரெண்டு பிள்ளைங்களை வெச்சிருக்கேன்."

மர்மத்துக்கு அலுப்பாக இருந்தது. "எல்லாருக்கும் கடைசியில நெஞ்சுதான்மா நிக்குது. இப்படி எல்லாத்துலயும் சந்தேகப்பட்டா மனுஷன் நிம்மதியா இருக்க முடியுமா?"

நாலாவது கவுண்டரில் டைப்பிஸ்ட் அக்காவுக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. "அண்ணே, இப்ப பேசினது நீங்கதானா? இல்லை, உள்ள வேற யாராவது இருக்காங்களா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. துணிப்பையிலிருந்து ஒரு பாதுகாப்பு பெல்ட்டை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தாள். உயரத்தில் வேலை செய்கிறவர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்வது.

"இதை மாட்டிக்கிட்டுதான் வேலை பாத்தாராம். அவர் இடுப்புலேர்ந்து கழட்டினதுன்னு சொல்லிக் கம்பெனியில குடுத்தாங்க. விலைச்சீட்டைக்கூட கிழிக்கலை சார்."

மர்மம் பார்த்தார். நைலான் நூலில் ஒரு வெள்ளைச் சீட்டு லேசாகச் சுழன்றுகொண்டிருந்தது. பெல்ட்டில் மடிப்புக்கூடக் கலையவில்லை. நாலு தொகுதியும் படித்தபோது வராத சிலிர்ப்பு அவர் முழங்கையிலிருந்து மேலே ஏறியது. நிஜமான தடயம் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இதைச் சுற்றி யாரும் வட்டம் போட்டிருக்கவில்லையே!

அடி டிராயரைத் திறந்தார். அதில் ஒரு படிவம் உண்டு. சாவுக்கான காரணத்தில் ஐயம் இருந்தால், டாக்டரிடம் விளக்கம் கேட்பதற்கான ஒற்றைப் பக்கப் படிவம். அவர் கையெழுத்துப் போட்டால் போதும், பதில் வரும்வரை சான்றிதழில் காரணம் எழுதும் கட்டம் காலியாக நிற்கும். பத்தொன்பது வருடத்தில் டிபன் டப்பாவுக்கு அடியில் விரிக்க மட்டுமே அதை எடுத்திருக்கிறார். இன்று முதல்முறையாக அதில் பேனாவை வைத்தார்.

"அண்ணே, இதுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள்," என்றாள் டைப்பிஸ்ட் அக்கா, காகிதத்தின் தேதியை எட்டிப் பார்த்து. "அஞ்சு மணிக்குள்ள அதிகாரி மேஜைக்குப் போகலைன்னா டாக்டர் எழுதினதே நிலைச்சிடும்."

"தெரியும், தெரியும்." மெக்கானிக்கின் பெயரை எழுதினார். வயதை எழுதினார். முதல் கேள்வியை எழுத ஆரம்பித்தார்.

அப்போது செல்போன் அதிர்ந்தது. நடிகரின் மரணம் குறித்து இரண்டாவது கமிஷன் அறிவிக்கப்பட்டுவிட்டது.

ஆறு வருடம்! அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் மோதியது. "அஞ்சு நிமிஷம்மா, உக்காருங்க. இதோ வந்துட்டேன்."

"அண்ணே! கையெழுத்தையாவது போட்டுட்டுப் போங்க!"

"அரைகுறையா போடக்கூடாது. வந்து முழுசா எழுதிப் போடுறேன்." இதை அவர் உண்மையாகவே நினைத்துத்தான் சொன்னார்.

எதிர் டீக்கடை டிவி முன்னால் கூட்டம். இவரைப் பார்த்ததும் கடைக்காரர், "வாங்க வாங்க, நீங்க ஜெயிச்சுட்டீங்க!" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக யார்தான் ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்க மாட்டார்கள்? எல்லாருக்கும் தன் செலவில் டீ சொன்னார். செருப்பு விவகாரத்தை முதலிலிருந்து விளக்கினார். இந்த முறை கமிஷனுக்கு ஐந்து மாடிக் கட்டடமாம், மூன்று வருட அவகாசமாம், லிப்ட் வசதி உண்டாம். ஒவ்வொரு அறிவிப்புக்கும் கூட்டம் கை தட்டியது.

அவர் திரும்பி வந்தபோது மணி ஐந்தேகால். அதிகாரி மிச்சக் காகிதங்களை வரவழைத்து, தானே முத்திரையிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். பாதி எழுதிய படிவம் மூன்றாவது கவுண்டரிலேயே கிடந்தது.

"ஒரு கையெழுத்துண்ணே," என்றாள் டைப்பிஸ்ட் அக்கா. கம்ப்யூட்டரை அணைத்தாள்.

அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து, புதுச் சான்றிதழை மடிப்பு கலையாமல் நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். மர்மம் அவள் முன்னால் போய் நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தார், பாவம். அதற்குள் அவளே கேட்டாள்.

"ரொம்ப முக்கியமான விஷயமா சார்? அப்படி ஓடினீங்களே."

மூழ்குகிறவனுக்குக் கயிறு கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தார். கையசைத்தது, செருப்பு கிடந்த திசை, சமையல்காரரின் தம்பி. கால் மணி நேரம். சிவப்பு வட்டத்தையும் காட்டினார். அவள் போனை வாங்கி, மரியாதையாக, உற்றுப் பார்த்தாள்.

"அவருக்கு என்ன வயசு சார்?"

"எழுபத்தொன்பது."

"எங்க வீட்டுக்காரருக்கு முப்பத்தாறு," என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

வாசல்வரை போனவளை அவர் கூப்பிட்டார். ஏதாவது ஆறுதலாகச் சொல்லாமல் அனுப்ப மனசு கேட்கவில்லை.

"கவலைப்படாதீங்கம்மா. இந்தத் தடவை உண்மை கட்டாயம் வெளிய வந்துடும்."

உங்களுக்கு இவர்மேல் பற்றிக்கொண்டு வருகிறது, இல்லையா? வரட்டும், நியாயம்தான். ஆனால் வாசிக்க ஆரம்பித்ததிலிருந்தே அந்த நடிகர் யாராக இருக்கும் என்று இரண்டு மூன்று பேரை மனதுக்குள் நிறுத்தி வைத்துப் பார்த்தீர்களே, கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்: அந்த லிப்ட் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று ஒரு தடவையாவது கேட்கத் தோன்றியதா? அதில் இன்னும் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.