குளியலறைக் கதவின் பதிவு எண்

எங்கள் எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சட்டத்தை மதிக்கிறவர். அவருக்கு வந்த கஷ்டத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

அவருடைய அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். குளியலறைக் கதவோ உள்பக்கமாகத் திறக்கும் ரகம். வாக்கர் உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது. கதவைச் சாத்தினால் வாக்கருக்கு இடம் கிடையாது. ஆகவே பெரியவர் உள்ளே இருக்கும்வரை கதவு திறந்தே இருந்தது. யாரும் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று அவர் வாயாலேயே "பாம்! பாம்!" என்று ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். எங்கள் வீடுவரை கேட்கும்.

"ஒண்ணு கதவை மாத்துங்க, இல்ல நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள் மருமகள்.

கணவனும் மனைவியும் கதவுக் கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வெளியில தெரியற மாதிரி கதவெல்லாம் இப்ப யாரு சார் போடறாங்க? பாக்கெட் டோர் போடுங்க. சட்டைப் பையில கை நுழையற மாதிரி, கதவு அப்படியே சுவருக்குள்ள போயிடும்."

"திறந்திருக்கும்போது பார்க்க எப்படி இருக்கும்?"

"அதுதான் சார் அழகே. இருக்காது."

இல்லாமல் இருப்பதற்குப் பல வண்ணங்கள் காட்டினார். மருமகள் வெகுநேரம் யோசித்து, சுவருக்குள் இருட்டில் எடுப்பாக இருக்கும் என்று தேக்கு நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

தச்சர் வந்து சுவரை உடைத்தார். உள்ளே ஏற்கெனவே ஒயர்களும் ஒரு தண்ணீர்க் குழாயும் குடியிருந்தன. எல்லாவற்றையும் வேறு இடத்துக்குக் குடிமாற்றிவிட்டு, அங்கே கூடு மாதிரி ஒரு மரச்சட்டம் நிறுத்தி, மேலே தண்டவாளம் பொருத்தி, சின்னச் சின்னச் சக்கரங்களில் கதவைத் தொங்கவிட்டார். பெரியவர் ஒற்றை விரலால் தள்ளினார். போய்விட்டது. இழுத்தார். வந்துவிட்டது. அன்று முழுக்க அவர் எந்த அவசியமும் இல்லாமல் குளியலறைக்குப் போய்வந்தார்.

இத்தோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் கண்ணாடிக் கடைக்காரர் தாமாகவே கட்டட அலுவலகத்துக்குப் போய், சுவரை உடைத்ததைச் சொல்லிவிட்டார். இப்படி ஒருவர் தானே வந்து சொன்னதில்லை என்பதால், இதில் ஏதோ பெரிய மோசடி இருக்க வேண்டும் என்று ஆய்வாளர் மறுநாளே நேரில் வந்தார்.

"கதவு எங்கே?"

"சுவருக்குள்ள இருக்கு சார்."

"சுவருக்குள்ள இருக்கறதெல்லாம் சுவர். கதவைக் காட்டுங்க."

அந்த நேரம் பார்த்துப் பெரியவர், "கொஞ்சம் வழி விடுங்கப்பா, அவசரம்" என்று உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

ஆய்வாளர் கதவை மேலும் கீழும் பார்த்தார். "கீல் எங்கே? கீல்ல நிக்கறதுதான் கதவு. இது எதுல நிக்குது?"

"சக்கரத்துல சார்." உண்மை பேசுவது அவருடைய இன்னொரு பலவீனம்.

"சக்கரத்துல ஓடினா அது வாகனம். எங்க துறை இல்லை. பதிவு செய்யப்படாத வாகனத்தை வீட்டுக்குள் மறைத்து வைத்திருப்பதால் இதை முடக்கி வைக்க உத்தரவிடுகிறேன்" என்றவர், கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே துணியைக் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்.

"ஐயோ, எங்கப்பா உள்ள இருக்கார் சார்!"

"வாகனத்துக்குள்ளயா?"

"வாகனத்துக்கு அந்தப் பக்கம்."

"அப்ப விதியில அவரைப் பத்தி ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கண்ணாடிக் கடைக்காரர் செருப்பைக்கூடப் போடாமல் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஓடினார். மருமகள் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "பயப்படாதீங்க மாமா, இதோ வந்துருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் அவரோடு அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதல் தடவை.

போக்குவரத்து அதிகாரி வந்து கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"பிரேக் இருக்கா?"

"சுவர்ல முட்டி நின்னுடும் சார்."

"ஹாரன்?"

"பாம்! பாம்!" என்றது உள்ளிருந்து ஒரு கோபக் குரல்.

"நல்லா வேலை செய்யுது. எத்தனை சீட்?"

"ஒண்ணுதான்! அதுலதான் நான் உக்காந்திருக்கேன்!"

"ஓட்டறவருக்கு லைசென்ஸ்?"

கதவுக்கு அடியிலிருந்து ஒரு பழைய அட்டை வெளியே வந்தது. அதிகாரி எடுத்துப் பார்த்தார். "கனரக வாகனமா!" என்று எழுந்தே நின்றுவிட்டார். முத்திரையை உடைத்து, கதவுக்குப் பதிவு எண் வழங்கி, உரிமம் உள்ளவர் மட்டுமே இதை இயக்க வேண்டும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

அதுமுதல் அந்த வீட்டில் யார் குளிக்க வேண்டுமானாலும் பெரியவர் வந்துதான் கதவைத் தள்ள வேண்டும். ஒரு மூலையில் முடங்கிக் கிடந்தவர் இப்போது காலையிலேயே ஷேவ் செய்துகொண்டு தயாராக இருக்கிறார். "முண்டியடிக்காதீங்க, வரிசையா வாங்க!" என்று மகனையே அதட்டுகிறார். மருமகள் மட்டும் ரகசியமாக ஒரு டிரைவிங் பள்ளியில் லாரி ஓட்டப் பழகுகிறாள்.

பெரியவர் மாட்டிக்கொண்டதைக் கேள்விப்பட்டுத் துக்கம் விசாரிக்கப் போன தெருக்காரர்கள், தேக்கு நிறக் கதவில் பளபளக்கும் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டுப் பொறாமையோடு திரும்பினார்கள். "எண் இல்லாத கதவு வழியா உள்ள போகவே கூச்சமா இருக்குங்க" என்று ஆடிட்டர் வீட்டம்மா சொன்னார். கதவுக் கடை விற்பனையாளரும் "நம்பர் இல்லாத கதவை இப்ப யாரு சார் போடறாங்க?" என்று பரிதாபமாகப் பார்க்கத் தொடங்கினார்.

நேற்றுப் போக்குவரத்து அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் அந்தக் கட்டட ஆய்வாளரே நின்றிருந்தார். அவர் வீட்டுப் பூஜையறைக் கதவுக்கு ஃபேன்சி நம்பர் வேண்டுமாம்.

"ஜனங்களுக்குப் பைத்தியம் பிடிச்சுப் போச்சு சார்" என்றேன்.

"ஆமாங்க. உங்க கதவு எந்த மாடல்?"

"இன்னும் வாங்கலை" என்றேன். "பழைய கதவை மட்டும் காலையில கழட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன். உள்ள என் மாமியார் குளிச்சுக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் சீக்கிரம் நகருங்க சார்."