மூணு ஷிஃப்ட்டும் ஓடின என் வெப்சைட்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். நான் தொடங்கின வெப்சைட்டுக்கு ஒரு விளம்பரம் போடணும். சாம்பார் கொதிக்கிறதுக்குள்ள முடிச்சிடலாம்னு லேப்டாப்பை அடுப்பு மேடையிலயே வெச்சேன்.

சாம்பார் கரெக்டா கொதிச்சுது. மத்த எதுவும் என் பேச்சைக் கேக்கல.

முதல்ல இது என்ன தொழில்னு சொல்லிடறேன். பண்ருட்டியில பலாப்பழத்தை முழுசா வாங்கிட்டு வந்து, மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டுல சுளையா விக்கிறாங்க இல்லையா? அதேதான், பழத்துக்குப் பதிலா ஆளுங்க. ஒரு கம்பெனிக்குக் கம்மியா காசு கட்டி விளம்பரம் போடணும். அதைத் தட்டினவங்க என் வெப்சைட்டுக்கு வருவாங்க. அங்க வேற கம்பெனிக்காரங்களோட விளம்பரம் இருக்கும். அதை யாராவது தட்டினா எனக்குக் காசு வரும். கட்டினதைவிட வந்தது ஜாஸ்தின்னா லாபம்.

இதை வீடியோவுல ஒருத்தர் கார் மேல சாஞ்சிட்டு சொன்னாரு. கார் அவரோடதுதான்னு நம்பினேன்.

எனக்கு ஏன் இந்த வேலைன்னு கேப்பீங்க. நான் மந்தாரக்குப்பத்துல ஒரு தனியார் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். கணக்கு சொல்லிக் கொடுக்கறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. மே மாசம்தான் கஷ்டம். எங்க ஸ்கூல்ல லீவு பசங்களுக்கு மட்டும்தான். டீச்சருங்க அட்மிஷன் நோட்டீஸைத் தூக்கிட்டு முத்தாண்டிக்குப்பம் வரைக்கும் வீடு வீடா ஏறி எறங்கணும். போன வருஷம் ஒரு வீட்டுல நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, "சோப்பு பவுடர்லாம் இருக்குதும்மா"ன்னு கதவைச் சாத்திட்டாங்க. நான் எம்.எஸ்ஸி. மேத்ஸ்.

அதனால இந்த வருஷம் வெயில் ஏறறதுக்கு முன்னாடியே வேலையை விட்டுட்டேன். எச்.எம். மேடம் லெட்டரை வாங்கி மேஜை டிராயர்ல போட்டுட்டு, "உங்க இடத்துக்கு யாரையும் இப்ப எடுக்கல டீச்சர், யோசிச்சு சொல்லுங்க"ன்னாங்க. வெப்சைட் ஓடினா நான் தப்பிச்சேன். ஓடலன்னா நோட்டீஸ், குடை, முத்தாண்டிக்குப்பம்.

என் வீட்டுக்காரர் செந்தில் நெய்வேலி மைன்ஸ்ல, நிலக்கரி ஓடற கன்வேயர் பெல்ட் செக்‌ஷன்ல இருக்காரு. பெல்ட் மாதிரியே அவரும் அதிகம் பேசமாட்டாரு. தாராளமா பண்ணு, ஆனா அந்த மேடம்கிட்ட முடியாதுன்னு மட்டும் அவசரப்பட்டு சொல்லிடாதன்னாரு. நான் அதைத் தன்னம்பிக்கை இல்லாத பேச்சுன்னு ஒதுக்கிட்டேன்.

வெப்சைட்டுல என்ன எழுதறதுன்னு ரொம்ப யோசிக்கல. எங்க மைன்ஸ் டவுன்ஷிப்புல பர்மனென்ட் ஆளுங்க எல்லாருக்கும் ஒரே கவலைதான். ரிட்டயர் ஆனா கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும், அதுக்குள்ள எங்கயாவது ஒரு வீடு கட்டணும். அதனால வீடு கட்டறது பத்தி எழுத ஆரம்பிச்சேன். அஸ்திவாரம், கம்பி, சிமென்ட், போர்வெல்னு ஒண்ணு விடாம எழுதினேன். பொறந்ததுலேருந்து குவார்ட்டர்ஸ்லயே இருக்கறவ நான். சுவத்துல ஆணி அடிக்கணும்னாகூட ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு ஆளுக்காகக் காத்திருப்பேன்.

சரி, விளம்பரத்துக்கு வர்றேன். வீடியோக்காரர் முகம் தெரிஞ்சா நம்பிக்கை வரும்னு சொல்லியிருந்தாரு. தம்பி கல்யாணத்துல பட்டுப்புடவையில எடுத்த என் போட்டோவைப் போட்டேன். பக்கத்துல பெரிய எழுத்துல, "ரிட்டயர் ஆகப்போறீங்களா? வீடு ரெடியா?"

அடுத்து ஒரு கட்டம் வந்துச்சு. எந்த ஊர்னு கேட்டுச்சு.

டவுன்ஷிப்புல வளர்ந்தவங்களுக்கு ஃபாரத்தைப் பார்த்தா கை தானா ஓடும். தண்ணி வரலைன்னு கம்ப்ளெயின்ட் எழுதினாலும் சரி, கேஸுக்கு எழுதினாலும் சரி, பேரு, பிளாக்கு, குவார்ட்டர்ஸ் நம்பரு. நெய்வேலின்னு போட்டேன். பிளாக் போட இடம் விடலையேன்னு குறையாகூட இருந்துச்சு. சுத்துவட்டாரம் எவ்வளவுன்னு அடுத்த கேள்வி. நம்மது சின்ன குடும்பம்தானேன்னு இருக்கறதுலயே சின்னதா ஒண்ணைத் தட்டிட்டு சாம்பாரை இறக்கினேன்.

அது என் அட்ரஸைக் கேக்கல. விளம்பரம் எந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியணும்னு கேட்டிருக்கு.

தமிழ்நாடு பூரா போகவேண்டிய என் முகம் டவுன்ஷிப் வாசல் ஆர்ச் கேட்டைத் தாண்டல. சாயந்திரத்துக்குள்ள டவுன்ஷிப்புல போன் வெச்சிருக்கிற அத்தனை பேரையும் நான் பட்டுப்புடவையில பார்த்து, ரிட்டயர் ஆகப்போறீங்களான்னு கேட்டுட்டேன். செந்திலை கேன்டீன்ல ஓட்டு ஓட்டுன்னு ஓட்டியிருக்காங்க. ஒருத்தர் எத்தனை சென்ட் மனை இருக்குன்னு விசாரிச்சிருக்காரு. இன்னொருத்தர், நேத்து பர்மனென்ட் ஆனவரு, "என்னைப் பார்த்து எதுக்குங்க இந்தக் கேள்வி"ன்னு வருத்தப்பட்டிருக்காரு. செந்தில் வந்து டிபன் பாக்ஸை வெச்சிட்டு டி.வி. போட்டாரு. அவர் திட்டியிருந்தாகூட நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் மாடியிலேருந்து செருப்பு சத்தம் கேட்டுச்சு. தனவேல் அண்ணன்.

தனவேல் அண்ணன் செந்திலோட ஷிஃப்ட் இன்சார்ஜ், எங்க மேல் வீடு. அவர் சம்சாரம் கோமதி அக்கா எங்க ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பாக்கறாங்க. அவங்க பொண்ணுக்குப் பத்தாவதுல நான்தான் சும்மா கணக்கு சொல்லிக் குடுத்தேன். அந்தப் பொண்ணு பாஸானதுலேருந்து இந்தக் குடும்பம் எனக்கு எதையாவது திருப்பிச் செய்யணும்னு துடிச்சிட்டு இருக்கு.

அண்ணன் நாற்காலியில உக்காந்து போனை நீட்டினாரு. முகம் வாடிப்போயிருந்துச்சு.

"எனக்கு இன்னும் ஒரு வருசம் சர்வீசு இருக்குதும்மா. வூடு ரெடியான்னு கேட்டுக்கினே இருந்தா மனசு இன்னா ஆவும்? கடக்கால்கூட போடல நானு."

எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு. உங்களைக் கேக்கலண்ணே, பொதுவா கேட்டதுண்ணேன்னு ஆரம்பிச்சு, பலாப்பழத்துலேருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முழு தொழிலையும் விளக்கினேன். இதுல நான் சொல்லவே கூடாத ஒண்ணு இருந்துச்சு. அதையும் டீச்சர் பழக்கத்துல போர்டுல எழுதற மாதிரி நிறுத்தி நிதானமா சொன்னேன். என் வெப்சைட்டுல இருக்கற விளம்பரத்தை யாராவது தட்டினாதான் எனக்குக் காசு.

"தட்டினா வரும். தட்டலன்னா வராது."

"ஆமாண்ணே."

"அவ்ளோதான? மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா. சரி, நீ போயி வேலயப் பாரு."

போயிட்டு வரேன்னு சொல்றதுக்குப் பதிலா அப்படிச் சொல்லிட்டுப் போறாருன்னு நெனச்சேன்.

அன்னிக்கு ராத்திரியே ஊர் கட்டத்தைத் திருத்தி தமிழ்நாடுன்னு மாத்திட்டேன். அடுத்த நாள்லேருந்து கிளிக் கொட்டுச்சு. ஸ்க்ரீன்ல கிளிக் கணக்கு காட்டற கோடு மேல ஏறுது, ஏறுது, ஏறிட்டே இருக்கு. எல்லாம் நான் கட்டத்தைத் திருத்தினதோட பலன்னு நம்பினேன். வேற எப்படி நம்பறது? பக்கத்துல வேற புத்திசாலி யாரும் இல்லையே.

கணக்கு டீச்சர் சும்மா இருப்பாளா? கோட்டை உத்துப் பார்த்தேன். காலையில ஒரு ஏத்தம், மத்தியானம் ஒரு ஏத்தம், ராத்திரி ஒரு ஏத்தம். மனுஷங்க வேலைக்குப் போகும்போதும் வரும்போதும்தான் சொந்த வீட்டைப் பத்தி ஏங்கறாங்கன்னு ஒரு தியரி கண்டுபிடிச்சேன். செந்திலைக் கூப்பிட்டு விளக்கினேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது எங்க ஷிஃப்ட் டைமாட்டம் இருக்குதே"ன்னாரு.

உங்களுக்கு எதைப் பார்த்தாலும் மைன்ஸ்தான் தெரியும்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அந்த வேகத்துலதான் எச்.எம். மேடத்துக்கு போன் போட்டேன். மேடம், என் இடத்துக்கு தாராளமா ஆள் எடுத்துக்கோங்க, நான் இனிமே வர்றதா இல்லன்னு சொன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். காலம் மாறிடுச்சு மேடம், நீங்களும் நோட்டீஸையே நம்பிட்டு இருக்காதீங்கன்னு இலவசமா ஒரு அறிவுரையும் குடுத்தேன்.

மேடம் "அவ்வளவு நல்லாவா போகுது டீச்சர்?"ன்னு கேட்டாங்க. ஏறிட்டே போகுது மேடம்னேன். "ரொம்ப சந்தோஷம்"னு வெச்சிட்டாங்க.

அவங்க சந்தோஷம்னு சொன்ன நேரமோ என்னவோ, அதுக்கப்புறம் கோடு இன்னும் செங்குத்தா ஏறுச்சு. மேடம் வாழ்த்து பலிக்குதேன்னு நெனச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு மார்க்கெட்டுல வெண்டைக்காயை உடைச்சுப் பார்த்துட்டு நின்னேன். பக்கத்து பிளாக் சரோஜா அக்கா தோளைத் தட்டினாங்க. செந்தில் ஷிஃப்ட்லயே வேலை பாக்கற ஒருத்தரோட சம்சாரம்.

"டீச்சரு, நாங்க ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு முடிச்சிட்டோம். செகண்டு உங்க பிளாக்குதான். ஆளுங்க கரெக்டா வந்துடுவாங்க இல்ல?"

என்னக்கா ஷிஃப்ட்டுன்னேன். அக்கா பெருமையா போனைக் காட்டினாங்க. என் வெப்சைட். அதுல ஒரு டைல்ஸ் விளம்பரம். என் கண்ணு முன்னாடியே தட்டினாங்க, பேக் பட்டனை அழுத்தினாங்க, திரும்பத் தட்டினாங்க. பட்டாணி உரிக்கற மாதிரி அவ்வளவு பழக்கமான கை.

வெண்டைக்காயை அங்கயே போட்டுட்டு ஓடினேன்.

தனவேல் அண்ணன் பால்கனியில உக்காந்து தட்டிட்டு இருந்தாரு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துடுச்சு. எந்தெந்த பிளாக் எந்தெந்த ஷிஃப்ட், யாரு வரலைன்னா யாரு ரிலீவர்னு ஒப்பிச்சாரு. மைன்ஸ்ல பர்மனென்ட், கான்ட்ராக்ட்னு ஆயிரம் பேதம் இருக்கும், இதுல எல்லாரும் ஒண்ணா நிக்கறாங்களாம். கோமதி அக்கா சொல்லி ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்லயும் தட்டறாங்களாம்.

"பெல்ட்டு நிக்கக்கூடாதும்மா. ஒருவாட்டி நின்னுட்டா திரும்ப ஓட்டறது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும். நான் இருக்கற வரைக்கும் உன் பெல்ட்டு நிக்காது."

அண்ணே, இப்படித் தெரிஞ்சவங்க தட்டவே கூடாதுண்ணே, விளம்பரம் குடுத்தவனை ஏமாத்தற மாதிரி ஆயிடும், கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சா மூடிடுவான்னு மெதுவா சொன்னேன். அவர் முகம் சுருங்கிடுச்சு. ஒருத்தர் பொருளை எடுத்தோமா, ஒளிச்சோமா, விரலாலதான தட்டினோம்னு கேட்டாரு. கோவப்பட முடியல. இத்தனை பேரு அவங்கவங்க வேலைக்கு நடுவுல எனக்காகத் தட்டிட்டு இருந்திருக்காங்க.

அந்த நேரத்துல மெயில் வந்துச்சு. உண்மையான ஆர்வம் இல்லாத கிளிக்குகள் வந்திருக்கறதால என் கணக்கை மூடிட்டாங்களாம். அதுல சேர்ந்த காசை விளம்பரம் குடுத்தவங்களுக்கே திருப்பிக் குடுத்துடுவாங்களாம். நான் ஆள் கூட்டிட்டு வர கட்டின காசு போனது போனதுதான். பலாவும் போச்சு, சுளையும் போச்சு. கையில பிசுக்கு மட்டும் மிச்சம்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்து, "பிரேக்டவுனா?"ன்னாரு.

"ஆமாண்ணே."

"மெயின்டனன்சுக்கு யாரைக் கூப்புடணும் சொல்லு. நான் பேசறேன்."

செந்தில் விஷயத்தைக் கேட்டுட்டு சிரிக்கல. துண்டை எடுத்துட்டு குளிக்கப் போனாரு. கதவுக்குப் பின்னாடி தண்ணி சத்தத்தையும் மீறி சிரிப்பு கேட்டுச்சு. ரொம்ப நேரம் குளிச்சாரு.

மறுநாள் ஸ்கூலுக்குப் போனேன். வழியெல்லாம் எப்படிக் கெஞ்சறதுன்னு ஒத்திகை பார்த்துட்டே போனேன். காலம் மாறிடுச்சுன்னு நான் குடுத்த அறிவுரை நினைவுக்கு வந்து, ரெண்டு தடவை பாதி வழியிலயே திரும்பிடலாமான்னு நின்னேன். அவ்வளவு வெக்கம்.

கெஞ்சவே விடல மேடம். உக்காருங்க டீச்சர்னு டீ சொன்னாங்க. வெப்சைட்டை மூடிட்டாங்களாமேன்னு அவங்களே கேட்டாங்க. நான் தலையைக் குனிஞ்சு, எல்லாரும் பாசத்துல ஜாஸ்தியா தட்டிட்டாங்க மேடம், அது தப்புன்னு அவங்களுக்குத் தெரியாதுன்னேன்.

"தெரியுமே டீச்சர்"னாங்க மேடம். "ரொம்ப தட்டினா மூடிடுவாங்கன்னு எங்க கம்ப்யூட்டர் சார் மொதல் நாளே சொல்லிட்டாரு. நீங்க வரமாட்டேன்னு போன் பண்ணீங்க பாருங்க, அன்னிக்குத்தான் ஸ்டாஃப் எல்லாரும் தட்டட்டும்னு கம்ப்யூட்டர் லேபைத் திறந்துவிட்டு, நானும் உக்காந்துட்டேன்."

சொல்லிட்டே டிராயரை இழுத்து, என் ராஜினாமா லெட்டரை வெளிய எடுத்து, அதுக்கு மேல ஒரு கட்டு அட்மிஷன் நோட்டீஸை வெச்சு என் பக்கமா நகர்த்தினாங்க. முத்தாண்டிக்குப்பத்துலேருந்து ஆரம்பிச்சுடுங்க டீச்சர்னாங்க.

இப்ப ஒரு புளியமர நிழல்ல குடையை மடக்கி வெச்சுட்டு உக்காந்துதான் இதை எழுதறேன். அந்த மெயிலை இன்னும் அழிக்கல. உண்மையான ஆர்வம் இல்லாத கிளிக்குகள்னு எழுதியிருக்காங்க.

எங்க மேடம் தட்டினதைவிட உண்மையான ஆர்வத்தோட இந்த ஊர்ல யாரும் எதையும் தட்டினதில்ல.