ஆபீசர் எழுதிய நீள வார்த்தை

எனக்கு இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரியும் என்பது பெரிய தப்பில்லை. முழுசாகத் தெரியும் என்று திருத்தணியில் எங்கள் தெருவே நம்பியதுதான் தப்பு. (நம்பவைத்தது நான்தான்.)

எழுபதுகளின் நடுவில் பி.யு.சி. முடித்துவிட்டு வீட்டிலிருந்தேன். அரக்கோணத்திலிருந்து ஒரு வரன் வந்தது, ரயில்வேயில் ஃபிட்டர். சீர்செனத்தி எதுவும் வேண்டாம் என்றார்கள். தறி நெய்யும் எங்கள் நைனாவுக்கு அதிலேயே சந்தேகம் பிடித்துக்கொண்டது.

"ஒண்ணுமே வேணான்றாங்க. எங்கியோ இடிக்குதும்மா."

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா பெருமையாக ஒரு காகிதத்தை நீட்டினார். மகனைப் பற்றி மேலதிகாரி கொடுத்த நற்சான்று. நைனா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் ஆராய்ந்துவிட்டு என்னிடம் தந்தார். "படிச்சி சொல்லும்மா."

நடுவில் ஒரு நீளமான வார்த்தை மறித்தது. நீள வார்த்தையைத் துண்டு போடு, துண்டுக்கு ஒரு தட்டு தட்டு, அழுத்தம் எங்கே விழுகிறதென்று பார், பிறகு தலையைக் கழற்று என்று காலேஜில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எல்லோர் முன்னாலும் தட்டினேன். இன்-வேல்-யு-அ-பிள். ஐந்து தட்டு, அழுத்தம் இரண்டாவதில். வேல்யு என்றால் மதிப்பு. தலையில் 'இன்'. அது கரெக்டுக்கு முன்னால் வந்தால் தப்பு. கம்ப்ளீட்டுக்கு முன்னால் வந்தால் அரைகுறை. பிடிபட்டுவிட்டது!

"நைனா, இவர் வேலைக்கு மதிப்பே இல்லன்னு ஆபீசரே எழுதிக் குடுத்துக்கிறாரு."

"ஆங்! நான் சொல்லல?" என்றார் நைனா. காபித் தட்டுடன் வந்த அம்மா அப்படியே உள்ளே திரும்பினாள். மாப்பிள்ளையின் அப்பா வெளிறிப்போனார். பாவம், அந்தக் காகிதத்தை ஊரெல்லாம் காட்டியிருந்தார்.

அதுவரை தலைகுனிந்திருந்த மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, மலைமேல சாமிக்குப் போட்டுக்கிற வைரத்தை விலைமதிப்பில்லாததுன்னு சொல்றோமே, அப்போ அது கண்ணாடிக் கல்லாங்க?"

காகிதத்தை நைனாவிடமே திருப்பிக் கொடுத்தேன். நைனா அப்போதும் நம்பாமல், காகிதத்தோடு போஸ்ட்மாஸ்டரிடம் ஓடினார். திரும்பி வந்து என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, "காபி இன்னாச்சி?" என்று அம்மாவை அதட்டினார்.

இத்தனைக்கும் பிறகு ஏன் சம்மதித்தீர்கள் என்று கல்யாணமானதும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நாலு எடத்துல பொண்ணு பார்த்தோம். அந்தப் பேப்பரைப் படிச்சிப் பார்த்தது நீ ஒருத்திதான்" என்றார்.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும், "இவங்க என் சம்சாரம். மதிப்பே இல்லாதவங்க" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். வந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். நான் விளக்கம் சொல்வதில்லை. சொன்னால், முட்டாள் யாரென்று தெரிந்துவிடுமே!